70,000 கையெழுத்தும் 75 ரூபாயும்: சென்னைப் பல்கலைக்கழகம் எப்போது பல்கலைக்கழகம் ஆனது?

#1 கடற்கரைச்சாலை

வேறொரு இழையில் நண்பர் ஒருவர், "சென்னைப் பல்கலைக்கழகம் வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன கொடை" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும். அதனால் தனி இழை.

முப்பத்தொரு வருஷம் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தியவன் நான். கொடை என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டு வாங்கியது அது. 1839 நவம்பர் 11 அன்று சென்னை மக்கள் ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் ஒரு மனு கொடுத்தார்கள். அதில் இருந்த கையெழுத்து 70,000. பயணிகள் ரயில் கிடையாது, தந்தி கிடையாது, பத்திரிகை படிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. அந்தக் காலத்தில் எழுபதாயிரம் பேரிடம் கையெழுத்து வாங்க எத்தனை பேர் எத்தனை தெரு நடந்திருப்பார்கள்! மனுவுக்குத் தலைமை தாங்கியவர் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்ற ஆங்கிலேயர். அவருடைய பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற கூட்டம் இந்த ஊர்க் கூட்டம்.

கேட்டது 1839-இல். கிடைத்ததோ 1857-இல். நடுவில் பதினெட்டு வருஷம். 1840-இல் ஒரு போர்டு அமைத்தார்கள், 1841-இல் எழும்பூரில் ஒரு உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த பவல் தலைமையாசிரியர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து மாநிலக் கல்லூரி ஆனது. ட்வீடேல் பிரபு ஆளுநராக இருந்தபோது விவிலியத்தைப் பாடமாக வைப்பதா கூடாதா என்று பெரிய தகராறு. 1854-இல், இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் அமைக்கச் சொன்ன சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை லண்டனிலிருந்து வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. 1857-இல் பல்கலைக்கழகச் சட்டம் வந்த நாட்கள்: ஜனவரி 24 கல்கத்தாவுக்கு, ஜூலை 18 பம்பாய்க்கு, செப்டம்பர் 5 சென்னைக்கு. வடக்கே சிப்பாய்கள் போர் நடத்திக்கொண்டிருந்த அதே வருஷம்.

சரி, வந்தது என்ன? லண்டன் பல்கலைக்கழகத்தின் அந்நாளைய வடிவத்தை அப்படியே எடுத்து வைத்தார்கள். பாடத்திட்டம் வகுக்கும், தேர்வு நடத்தும், பட்டம் கொடுக்கும். பாடம் நடத்தாது. சொந்தமாக ஒரு வகுப்பறைகூடக் கிடையாது. செனட் ஹவுஸ் எழும்பியதே 1874-க்கும் 1879-க்கும் இடையில்தான். ராபர்ட் சிசோம் வரைந்த அந்த மண்டபமும் பட்டமளிக்கவும் கூட்டம் நடத்தவும் கட்டிய இடம்தான்.

என் கட்சி இதுதான்: 1857-இல் பிறந்தது ஒரு தேர்வு மன்றம். பல்கலைக்கழகம் பிறந்தது அதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

#2 மதுரைவீதி

சார், உங்கள் கட்சியில் நான் பாதி சேருகிறேன். தேர்வு மன்றமாகப் பிறந்தது என்பது சரி. ஆனால் பிற்காலத்தில் சில பேராசிரியர்களை நியமித்ததும் அது மாறிவிட்டது என்று சொல்லப்போகிறீர்கள் என்றால், அங்கே நான் நிற்க மாட்டேன். இணைப்புக் கல்லூரி மாணவனுக்குப் பல்கலைக்கழகம் என்றால் இன்றைக்கும் ஹால் டிக்கெட், மார்க் ஷீட், ப்ரொவிஷனல், அரியர் ஃபீஸ். மூன்று வருஷம் படித்துவிட்டு அந்த வளாகத்துக்குள் ஒரு முறைகூடக் கால் வைக்காதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

#3 சிறுப்பிட்டியான்

ரொறொன்ரோவில இருந்து எழுதுறன். பிறந்த ஊர் பேரிலேயே தெரியும்.

ஐயா, தேர்வு மன்றம் எண்டு நீங்கள் சொல்லேக்க அதில ஒரு குறைச்சல் தொனி கேக்குது. எனக்கு அது பொறுக்கேல்லை. ஏனெண்டால் அந்தப் பல்கலைக்கழகத்தின்ர முதல் பட்டதாரிகள் ரெண்டு பேர். 1858-இல பி.ஏ. தேறினவை. ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, சிறுப்பிட்டி. மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. ரெண்டு பேரும் யாழ்ப்பாணம், ரெண்டு பேரும் வட்டுக்கோட்டைச் செமினறி. விசுவநாதபிள்ளை தாமோதரம்பிள்ளைக்குக் கணிதம் படிப்பிச்சவர். வாத்தியாரும் மாணவனும் ஒரே பட்டியலில.

இது எப்படி நடந்தது? அமெரிக்க மிசனறிமார் 1823-இல தொடங்கின செமினறி அது. அங்க அட்சரகணிதம், வானியல், ஆங்கிலம் எல்லாம் படிப்பிச்சவை, தமிழ் இலக்கணமும் சேர்த்து. விசுவநாதபிள்ளை தமிழிலேயே வீசகணிதம் எண்ட அல்ஜீப்ராப் புத்தகம் எழுதினவர். ஆனால் பட்டம் குடுக்க அங்க அதிகாரம் இல்லை. 1855-இல செமினறியையே மூடிப்போட்டினம். இலங்கையில பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது 1921, பல்கலைக்கழகம் வந்தது 1942. இந்த ரெண்டு பேரும் அதுவரைக்கும் காத்திருக்கவோ?

சென்னை ஒரு பாடம் நடத்துற பல்கலைக்கழகமாத் தொடங்கியிருந்தால், "எங்கட வகுப்பில வந்து நாலு வருசம் இரு" எண்டு சொல்லியிருக்கும். தேர்வு மன்றமா இருந்தபடியால்தான், "எங்க படிச்சாய் எண்டு கேக்கேல்லை, என்ன தெரியும் எண்டு எழுதிக் காட்டு" எண்டு சொன்னது. சுவர் இல்லாத வீட்டுக்குள்ள நுழையிறது சுகம். அந்தக் கதவால போனவர் பிறகு என்ன செய்தவர்? வீரசோழியம் 1881, இறையனார் அகப்பொருள் 1883, கலித்தொகை 1887. எட்டுத்தொகையில முதன்முதல் அச்சேறின நூல் கலித்தொகைதான். ஏடு ஏடாத் தேடி, செல்லரிச்சதைத் தடவித் தடவி வாசிச்சுப் பதிப்பிச்சவர்.

அந்தப் பட்டம் இல்லாட்டில் அவர் இதைச் செய்திருக்க மாட்டார் எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் அவரை முதல் பட்டதாரி எண்டு எழுதிவைச்ச நிறுவனத்தை வெறும் கந்தோர் (ஆபீஸ்) எண்டு தள்ளாதேயுங்கோ.

#4 கடற்கரைச்சாலை

சிறுப்பிட்டியான் ஐயா, இந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தொரு வருஷமும் முதல் பட்டதாரி தாமோதரம்பிள்ளை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருக்கிறேன். ஏன் அவர் முதல்வராக வர முடிந்தது என்று கேட்டதில்லை.

உங்கள் பக்கம் சேர இன்னொரு சான்றும் இருக்கிறது. வித்துவான் தேர்வு. கல்லூரி வாசலையே மிதிக்காமல், ஊரில் ஒரு புலவரிடம் பாடம் கேட்டு, சென்னைப் பல்கலைக்கழக வித்துவான் தேர்வு எழுதித் தேறி, உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனவர்கள் எத்தனையோ பேர். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரும் அப்படி வந்தவர். பகலில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு ராத்திரியில் நன்னூல் படித்ததாகச் சொல்வார்.

அதனால் என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். தேர்வு நடத்தியது குற்றமில்லை. தேர்வு மட்டும் நடத்தியதுதான் குறை. எழுதிக் காட்டியவரைத் தேற்றிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு என்ன வேலை, எங்கே உட்கார்ந்து யோசிப்பது, யார் சோறு போடுவது என்ற கேள்விகளை அது கேட்கவே இல்லை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடியது அவருடைய சொந்தப் பணத்தில், சொந்த நேரத்தில்.

#5 எண்ணும்எழுத்தும்

கணிதத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறேன். இந்த இழையில் நான் பேசாமல் இருந்தால் எனக்கே மன்னிப்பு கிடையாது.

தேர்வு மட்டும் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ராமானுஜன்தான் சான்று. கும்பகோணத்தில் உதவித்தொகை போனது, பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார், எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய தேர்வு) தேறவில்லை. கணிதம் தவிர மற்றதெல்லாம் காலை வாரியது. தேர்வு மன்றத்தின் கணக்கில் அவர் ஒரு ஃபெயில். அத்தோடு கோப்பு மூடியாயிற்று. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா.

1913-இல் நடந்ததைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியின் பதில் கடிதம் வந்திருந்தது. வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது ராமானுஜனின் வேலையைக் காட்டினார்கள். வாக்கர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். பொறியியல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஹனுமந்தராவ் பாடக்குழுவைக் கூட்டினார். மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை, இரண்டு வருஷம் என்று பரிந்துரை. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் விதி குறுக்கே வந்தது. அந்த உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும். இவரிடமோ எஃப்.ஏ.கூட இல்லை.

எனக்குப் பிடித்த இடம் இது. அந்தக் கூட்டத்தில் துணைவேந்தர் எழுந்து, பல்கலைக்கழகச் சட்டத்தின் முகப்புரை ஆராய்ச்சியை வளர்ப்பதும் நம் வேலை என்று சொல்லவில்லையா என்று கேட்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு விதியைத் தாண்டினார்கள். 1913 மே 1 முதல் பணம். ராமானுஜன் செய்ய வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை கொடுப்பது. அவ்வளவுதான். அடுத்த வருஷம் அதே பல்கலைக்கழகம் இங்கிலாந்து போவதற்கு ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதிலிருந்து ஒரு பங்கு மாதாமாதம் அம்மாவுக்குப் போக ஏற்பாடு.

ஆக, கடற்கரைச்சாலை சார், உங்கள் கேள்விக்கு என் பதில் ஒரு தேதி: 1913 மே 1. தன்னுடைய தேர்வில் தோற்ற ஒருவருக்கு, யோசிப்பதற்காக மட்டும் சம்பளம் கொடுத்த நாள்.

#6 மதுரைவீதி

தம்பி, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ராமானுஜன் ஒருவர். அவரைப் போல எஃப்.ஏ. ஃபெயிலாகி ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்? ஹார்டியின் கடிதம் இல்லாமல் அந்த சிண்டிகேட் கூடியிருக்குமா? ஒரு விதிவிலக்கை வைத்து நிறுவனத்துக்கு மாலை போடக்கூடாது.

#7 எண்ணும்எழுத்தும்

விதிவிலக்குதான். மறுக்கவில்லை. ஆனால் விதிவிலக்கு கொடுக்க அதிகாரம் வேண்டும், பணம் வேண்டும், கொடுக்கலாம் என்ற மனசு வேண்டும். 1904 சட்டம் பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தலாம், பேராசிரியர் வைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. வைஸ்ராய் கர்சன் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த நோக்கம் பல்கலைக்கழகங்களை அரசாங்கத்தின் பிடிக்குள் வைப்பது என்று படித்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனாலும் அதே சட்டத்தில் ஒரு ஜன்னலும் இருந்தது. 1907-இல் ராமானுஜன் தோற்றபோது அந்த ஜன்னல் திறந்துதான் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1913-இல் பார்த்தார்கள்.

இன்னொன்று. அவருடைய மூன்று நோட்டுப் புத்தகங்களின் மூலப் பிரதி சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருக்கிறது. 1957-இல் டாடா ஆய்வு நிறுவனம் அவற்றைப் படம்பிடித்து அச்சிட்டது. நான் பார்த்தது அந்த அச்சுதான். அதற்கே கை நடுங்கியது.

#8 நூலகவாசி

நூலகம் என்ற சொல் வந்துவிட்டது, இனி நான் பேசலாம். 😊

தேதி கேட்கிறீர்கள் என்றால் என்னுடைய தேதி 1924 ஜனவரி. எஸ்.ஆர். ரங்கநாதன் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்த மாதம். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். நூலகப் பயிற்சி கிடையாது. சேர்ந்த புதிதில் அந்தத் தனிமை தாங்காமல், பழைய வேலையையே கொடுங்கள் என்று திரும்பிப் போய்க் கேட்டவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சின்னச் சின்னத் துண்டுகள், திருகாணி போட்டு விதவிதமாகச் சேர்க்கலாம். புத்தகப் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று தோன்றியதிலிருந்துதான் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்புமுறை வந்தது. 1933-இல் அச்சானது. அதற்கு முன்பே 1931-இல் நூலக இயலின் ஐந்து விதிகள். "நூல்கள் பயன்படுத்துவதற்கே" என்பது முதல் விதி. கேட்டால் சாதாரணமாக இருக்கும். புத்தகத்தைப் பூட்டி வைப்பதே நூலகரின் கடமை என்று இருந்த காலத்தில் அலமாரியைத் திறந்துவிட்டவர் அவர். படிக்க வருகிறவர் தானே போய்ப் புத்தகத்தை எடுக்கலாம் என்றார்.

அதுவரை பல்கலைக்கழக நூலகம் கன்னிமாரா நூலகக் கட்டடத்துக்குள்தான் இருந்தது. கடற்கரையில் சொந்தக் கட்டடம் வந்தது 1936-இல். நூலகப் படிப்பையும் 1931-இல் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தியது. நான் படித்த படிப்பின் வேர் அது. இருபது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். பிற்காலத்தில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் எடுத்துக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து அதே பல்கலைக்கழகத்தில் நூலக இயலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து வைக்கும் அளவுக்கு அந்த இடம் அவருக்குச் சொந்தமாகியிருந்தது. இதை எழுதும்போதே கண் கலங்குகிறது.

தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைப் பற்றி யாருமே பேசவில்லையே?

#9 கடற்கரைச்சாலை

நூலகவாசி அம்மா, நீங்களே சொல்லுங்கள் என்று காத்திருந்தேன்.

#10 நூலகவாசி

சொல்கிறேன் ஐயா. ராட்லர், வின்ஸ்லோ அகராதிகளையும் போப் சேர்த்து வைத்த குறிப்புகளையும் அடிப்படையாக வைத்து 1913 ஜனவரியில் வேலை தொடங்கியது. போட்ட மதிப்பீடு ஒரு லட்சம் ரூபாய். முதல் பாரம் (சேர்த்து அச்சிடும் பக்கங்களின் தொகுப்பு) அச்சுக்குப் போகவே 1923 முடிந்துவிட்டது. 1926-இல் வையாபுரிப்பிள்ளை பொறுப்பேற்று 1936-இல் ஆறாம் தொகுதியை முடித்தார். அனுபந்தத் தொகுதி 1939. மொத்தம் 4,351 பக்கம். 1,04,405 சொற்கள், அனுபந்தத்தில் இன்னும் 13,357. செலவு ஏறக்குறைய 4,10,000 ரூபாய். போட்ட மதிப்பீட்டைப் போல நான்கு மடங்கு.

இன்றைக்கு ஒரு திட்டம் பத்து வருஷத்தில் ஒரு பக்கம்கூட அச்சாகாமல் இருந்தால் என்ன ஆகும்? மூடிவிடுவார்கள். இடையில் ஒரு உலகப்போர், பிறகு உலகப் பொருளாதார மந்தம். அத்தனையிலும் அந்தப் பல்கலைக்கழகம் பணத்தை நிறுத்தவில்லை. நான் ஒரு நாளைக்கு நாலு முறையாவது இணையத்தில் லெக்சிகன் பார்க்கிறேன். இதைப் படிக்கிற நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எண்ணும்எழுத்தும் தம்பி, கவனித்தீர்களா? உங்கள் 75 ரூபாயும் லெக்சிகனும் ஒரே வருஷம்.

#11 எண்ணும்எழுத்தும்

அக்கா, கவனிக்கவில்லை! 1913!

#12 மதுரைவீதி

நீங்கள் எல்லாரும் கடற்கரைச் சாலையிலேயே நிற்கிறீர்கள். நான் தெற்கிலிருந்து பார்க்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லை கஞ்சாம் முதல் கன்னியாகுமரி வரை. மைசூர், ஹைதராபாத், திருவிதாங்கூர்க் கல்லூரிகளும் அதன் கீழ். வளர்ச்சி வளர்ச்சி என்கிறோமே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் உண்மையான வளர்ச்சி அது சுருங்கியதில்தான் இருக்கிறது என்பேன். 1916-இல் மைசூர் தனியாகப் போனது. 1918 உஸ்மானியா. 1926 ஆந்திரா. 1929 அண்ணாமலை. 1937 திருவிதாங்கூர். 1954 திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா. 1966 எங்கள் மதுரை. 1971 கோவையில் வேளாண்மை. 1978-இல் கிண்டி பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகமாக ஆனது. 1982-இல் கோவைக்கு பாரதியார், திருச்சிக்கு பாரதிதாசன். 2002-இல் வேலூரில் திருவள்ளுவர். ஒரு ஆலமரம் விழுது விட்டு, அந்த விழுது ஒவ்வொன்றும் தனி மரமாக நின்ற கதை இது.

1966-க்கு முன் நாகர்கோவில் பையனின் விடைத்தாள் சென்னைக்கு வர வேண்டும். மதிப்பெண் சந்தேகம் என்றால் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து சேப்பாக்கம் வர வேண்டும். என் அப்பா பி.யு.சி. (பட்டப்படிப்புக்கு முந்தைய ஒரு வருஷப் படிப்பு) எழுதிய வருஷத்தில் ஒரு சான்றிதழ் திருத்தத்துக்காக விருதுநகரிலிருந்து இரண்டு முறை போய்வந்ததை இன்னும் சொல்வார். மதுரைக்கு முதல் துணைவேந்தராகத் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் வந்தபோது எங்கள் பக்கத்துக்கு அது என்ன அர்த்தம் என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. அவருக்குப் பின் மு.வ. வந்தார். இரண்டு பேரும் தமிழ்ப் பேராசிரியர்கள். தமிழ் படித்தவன் ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்தலாம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

#13 தபால்வழிப் பட்டதாரி

இங்கே எல்லாரும் பெரிய பெயர்களாகச் சொல்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே பெயர் என் அம்மாவுடையது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

அரக்கோணம் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். நான் பிறந்த பிறகு, 1986-இல், சென்னைப் பல்கலைக்கழகத் தபால்வழிக் கல்வியில் பி.ஏ. சேர்ந்தார். அந்த நிறுவனம் தொடங்கி அப்போது ஐந்து வருஷம்தான். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பாடக் கட்டு தபாலில் வரும். தபால்காரர் "டீச்சரம்மா, உங்க புக்கு" என்று கூப்பிடுவாராம். அம்மா அப்போது டீச்சர் இல்லை. அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஆகிவிட்டதாக அம்மா சொல்வார். தொடர்பு வகுப்புக்கு மின்சார ரயிலில் என்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவார். சென்ட்ரலில் இறங்கி பஸ். வகுப்பில் குழந்தையோடு இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்களாம்.

பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. வீட்டில் அனுப்பவில்லை. பட்டம் தபாலில் வந்தது. ஸ்டூடியோவில் வாடகை கவுன் போட்டு எடுத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பிறகு பி.எட்., பிறகு பள்ளி ஆசிரியர், இருபத்தேழு வருஷம். அதைப் பார்த்து நானும் அதே வழியில் முதுகலை படித்தேன், வேலைக்குப் போய்க்கொண்டே.

மதுரைவீதி அண்ணா, வளாகத்துக்குள் கால் வைக்காதவர்கள் என்று ஒரு குறையாகச் சொன்னீர்கள். வளாகமே எங்கள் வீட்டுக்கு வந்தது. பழுப்புக் காகிதத்தில்.

#14 சிறுப்பிட்டியான்

தங்கச்சி, இதைத்தான் நான் சொல்ல வந்தனான். 1858-இல தாமோதரம்பிள்ளைக்குத் திறந்த அதே கதவு. அம்மாவுக்கு என்ர வணக்கம்.

#15 மதுரைவீதி

தங்கச்சி, என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். மனதாரச் சொல்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

#16 கடற்கரைச்சாலை

இரண்டு நாள் ஊரில் இல்லை. வந்து எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

ஒரு துறையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதை எழுதாமல் விடக்கூடாது. 1952-இல் இயற்பியலுக்கு ஒரு பேராசிரியர் வேண்டும். பல்கலைக்கழகம் முதலில் கேட்டது சி.வி. ராமனை. அவர் தனக்குப் பதிலாகத் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைச் சொன்னார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அப்போது துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு வருஷம் அந்தப் பதவியில் இருந்தவர். அவ்வளவு காலம் ஒரே ஆள் இருப்பது நல்லதா என்று கேட்டால் பொதுவாக நான் இல்லை என்பேன். ஆனால் முப்பது வயதுக்கு உட்பட்டவரை நம்பித் துறையைக் கொடுத்து, எக்ஸ்ரே கருவிக்குப் பணம் கொடுத்து, பிறகு குறுக்கே நிற்காமல் இருந்தது அவர் காலத்தில்தான்.

கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். அதன் அமைப்பு என்ன என்று உலகமே தேடிக்கொண்டிருந்தது. மாதிரி பக்கத்து வீட்டில் கிடைத்தது. கங்காருவின் வால் தசைநாரையும் வைத்துப் பார்த்தார்கள். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய சுருள் என்று 1954-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து வரைந்த படம் இன்றும் ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் உலகம் முழுக்க நடப்பில் இருக்கிறது. எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று சோதிக்க இந்தப் படத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். அது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வரைந்த படம்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு மக்கள் வரிப்பணம். இன்னொரு பங்கு தேர்வுக் கட்டணம், பிற்காலத்தில் தபால்வழிக் கல்விக் கட்டணம். அரக்கோணத்து அம்மா கட்டிய கட்டணமும் எங்கோ ஒரு ஆய்வகத்து விளக்கை எரித்திருக்கிறது. நான் இந்த இழையைத் தொடங்கும்போது தேர்வு வேறு, ஆராய்ச்சி வேறு என்று பிரித்து வைத்திருந்தேன். ஒன்று மற்றதைத் தாங்கியிருக்கிறது என்பது உங்களால்தான் தெரிந்தது.

#17 எண்ணும்எழுத்தும்

ஐயா, பழைய பெருமையைப் படிக்கச் சந்தோஷம்தான். இன்றைய நிலையையும் ஒருவர் எழுத வேண்டும். நான் ஆய்வு செய்வது தமிழ்நாட்டில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். என் நெறியாளர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் யாரும் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவர் சம்பளம் இல்லாமல் வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் வந்து எனக்குப் பாடம் சொல்கிறார். பக்கத்து அறைகளில் கௌரவ விரிவுரையாளர்கள் மட்டும். அவர்களுக்குச் சம்பளம் எந்த மாதம் வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு அந்த நாற்காலி நீண்ட காலம் காலியாகக் கிடந்தது. 1913-இல் சட்டத்தின் முகப்புரையைப் படித்துக் காட்டியவர் ஒரு துணைவேந்தர். அந்த நாற்காலியில் ஆள் இல்லையென்றால் அந்த வரியை யார் படித்துக் காட்டுவது?

#18 மதுரைவீதி

தம்பி, இதில் நான் உன்னோடு முழுசாக நிற்கிறேன். புதிதாகப் பல்கலைக்கழகம் திறக்க எல்லாருக்கும் ஆசை. இருக்கிற துறைக்கு ஒரு பேராசிரியரை நியமிக்க யாருக்கும் அவசரம் இல்லை. மரம் விழுது விட்டது என்று நானே எழுதினேன். விழுதுகளும் இப்போது தண்ணீருக்கு ஏங்குகின்றன.

#19 சிறுப்பிட்டியான்

நூலகவாசி அம்மாவிட்ட ஒரு உதவி கேக்கலாமோ?

என்ர பூட்டன் 1890களில சென்னைக்குப் போய் கிறித்தவக் கல்லூரியில படிச்சவர். பி.ஏ. எழுதினவர் எண்டு மட்டும் தெரியும். தேறினவரோ இல்லையோ எண்டு வீட்டில ரெண்டு கதை. பெரியப்பா தேறினவர் எண்டுவார், எங்கட ஆச்சி பி.ஏ. ஃபெயில் எண்டுவா. வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோட போட்டுது. அந்தக் காலத்துப் பெறுபேறு எங்கயும் பாக்கலாமோ?

#20 நூலகவாசி

பார்க்கலாம் ஐயா. பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் வருஷாவருஷம் நாட்காட்டி என்ற பெயரில் ஒரு தடித்த புத்தகம் போடும். கேலண்டர் என்றால் சுவரில் மாட்டுவது இல்லை. விதிகள், பாடநூல்கள், வினாத்தாள்கள், பட்டதாரிகள் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். வருஷத்தையும் கல்லூரியையும் சொல்லுங்கள். பெயரை எப்படி எழுதினார்கள் என்பதும் முக்கியம். ஞானஸ்நானப் பெயரில் பதிந்தார்களா, அப்பா பெயரை முன்னால் போட்டார்களா என்று.

#21 சிறுப்பிட்டியான்

1894 எண்டு நினைக்கிறன். பெயரை ரெண்டு விதமாவும் எழுதித் தனிமடலில அனுப்பியிருக்கிறன்.

#22 நூலகவாசி

வந்தது. சனிக்கிழமை போகிறேன். 1893, 1895 இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன், முதல் முறை தவறி இரண்டாம் முறை எழுதித் தேறியவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் ஐயா. அந்தப் பட்டியலில் தேறியவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். இல்லையென்றாலும், கப்பலேறி வந்து எழுதியவர் அவர்.